பால் தராத மாடுகளிடமிருந்து தொடங்குவோம்

மாடுகளின் ஆரோக்கியத்துக்காக எழுதி வைத்திருக்கும் மந்தை நலத் திட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால் பண்ணையில் பெரும்பாலும் ஒரு கோப்பினை எடுத்து நீட்டுவார்கள். தடுப்பூசி போட்ட தேதிகள், குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகள், கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கால்நடை மருத்துவராகப் பல பண்ணைகளுக்குப் போய்வந்த பழக்கத்தில், கோப்பைத் திறப்பதற்கு முன் நான் வேறொன்றைக் கேட்கிறேன். பால் வற்றிய மாடுகள் எங்கே இருக்கின்றன, முதலில் அங்கே போகலாமா?

பலர் கொஞ்சம் தயங்குவார்கள். கறவைக் கூடத்தைக் காட்டத்தான் அவர்கள் ஆயத்தமாக இருந்திருப்பார்கள். பால் வற்றிய மாடுகள் பண்ணையின் கடைக்கோடியில், பழைய கொட்டகையில் இருக்கும். கறவை மாடுகள் தின்று மிச்சம் வைத்த தீவனம் அங்கே போகும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நாளாகியிருக்கும். தரை சொதசொதவென்று இருக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பால் நாள்தோறும் வருமானம் தருகிறது, கண்ணும் கையும் பால் இருக்கிற பக்கமே போகின்றன. பால் தராத மாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சொல்கிறது.

அந்தப் 'பிறகு'தான் பண்ணையைக் கெடுக்கிறது. ஒரு பசுவின் அடுத்த ஓராண்டு ஆரோக்கியத்தில் பெரும்பகுதி, அது ஒரு சொட்டுப் பாலும் தராத அந்த இரண்டு மாதங்களில் முடிவாகிறது. மடிநோய், பால் காய்ச்சல், விழாத நஞ்சுக்கொடி, சினை பிடிக்காத மாதங்கள், கறவையின் நடுவே தொடங்கும் நொண்டல் என்று தனித்தனியாகச் சிகிச்சை அளிக்கும் எத்தனையோ தொல்லைகளின் வேர் அங்கே இருக்கிறது. பால் தராதவற்றிடமிருந்து, அதாவது வற்றிய மாடு, கன்று, கிடேரி ஆகியவற்றிடமிருந்து எழுதத் தொடங்கும் திட்டமே உருப்படியான திட்டம் என்பது என் உறுதியான கருத்து.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். அதில் கடைசி 45 முதல் 60 நாட்கள் கறவையை நிறுத்திவிடுகிறோம். ஓய்வு என்று சொல்கிறோமே தவிர, உடலுக்குள் நடக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. மடியில் பழைய சுரப்புத் திசு சுருங்கிப் புதிய திசு உருவாகிறது. வயிற்றில் இருக்கும் கன்று தன் பிறப்பு எடையின் பெரும்பகுதியைச் சினையின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்க்கிறது. கன்று வளர வளர முதல் இரைப்பைக்கு இடம் குறைகிறது. ஈனும் நாள் நெருங்க நெருங்கப் பசு தின்னும் அளவும் குறைகிறது. கூடவே நோய் எதிர்ப்புத் திறனும் தளர்கிறது. தேவை ஏறும் நேரத்தில் வரவு இறங்குகிறது. ஈனுவதற்கு முன் மூன்று வாரம், ஈன்ற பின் மூன்று வாரம் என்ற இந்த இடைவெளியை அதனால்தான் நாங்கள் இவ்வளவு உற்றுக் கவனிக்கிறோம்.

கால்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒரு பசுவின் இரத்தப் பிளாஸ்மாவில் எந்த நேரத்திலும் சுற்றிவரும் கால்சியம் மொத்தமே ஏறக்குறைய 3 கிராம். ஈன்றதும் அது 10 லிட்டர் சீம்பால் சுரந்தால், அதில் மட்டும் 20 கிராமுக்கு மேல் கால்சியம் வெளியே போய்விடுகிறது. குறையை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் ஈடுகட்ட வேண்டும். அந்த ஏற்பாடு முழு வேகம் பிடிக்க ஓரிரு நாள் ஆகிறது. மூன்றாவது ஈற்றைத் தாண்டிய மாடுகளில் இன்னும் தாமதமாகிறது. அதற்குள் கால்சியம் மிகவும் இறங்கிவிட்டால் மாடு கால் தள்ளாடி, படுத்து, கழுத்தை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். பெயர் பால் காய்ச்சல் என்றாலும் உடம்பு குளிர்ந்துதான் கிடக்கும். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

விழுந்த மாடு கண்ணில் படுகிறது. எனக்குக் கவலை, விழாமல் நிற்கும் மாட்டைப் பற்றியது. கால்சியம் கொஞ்சம் குறைந்து, வெளியே ஒரு குறியும் காட்டாமல் நிற்கும் மாடுகள், விழும் மாடுகளைவிடப் பல மடங்கு அதிகம். கால்சியம் இல்லாமல் தசை சரியாகச் சுருங்காது. கருப்பை மெதுவாகச் சுருங்குகிறது, நஞ்சுக்கொடி தங்குகிறது, கருப்பையில் சீழ் பிடிக்கிறது, சினைப்பருவம் தள்ளிப்போகிறது. இன்னொரு பக்கம் காம்பு நுனியை மூடும் தசை தளர்ந்து கிருமிக்கு வழி விடுகிறது. இரைப்பையின் அசைவு குறைவதால் தின்பதும் குறைகிறது. பதிவேட்டில் பால் காய்ச்சலுக்கு ஒரு பக்கம், நஞ்சுக்கொடிக்கு ஒரு பக்கம், மடிநோய்க்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுகிறோம். மூன்றையும் ஈன்ற தேதியின் கீழ் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மறுபடி மறுபடி அதே மாடுகளின் எண்கள் வருவது தெரியும்.

இதைத் தடுக்கும் வேலை ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்குகிறது. பொட்டாசியம் மிகுந்த தீவனத்தை அந்தக் காலத்தில் குறைக்க வேண்டும். மக்னீசியம் போதுமான அளவு கிடைக்க வேண்டும். வற்றுக்காலம் முழுவதும் கால்சியத்தை வாரிக் கொடுத்தால் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கமே உடலுக்கு விட்டுப்போகிறது. அன்பால் செய்யும் இந்த உபசாரம் ஈனும் நாளில் மாட்டைக் கீழே தள்ளுகிறது. பெரிய பண்ணைகளில் உடலின் அமில, காரச் சமநிலையை மாற்றும் எதிர்மின் உப்புகளைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். நல்ல பலன் தரும் முறை அது. ஆனால் சிறுநீரின் அமிலத்தன்மையைச் சோதித்து அளவைச் சரிசெய்தபடி கொடுக்க வேண்டியது. சோதிக்க ஆள் இல்லாத பண்ணைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது கொழுப்பு. உடற்கட்டு மதிப்பெண் என்று ஒரு முறை இருக்கிறது. இடுப்பெலும்பும் வாலடியும் விலாவும் எவ்வளவு மூடியிருக்கின்றன என்று கண்ணாலும் கையாலும் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பிடுவது. ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் கொழுத்த மாடு ஈன்றதும் குறைவாகத் தின்கிறது, உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் சுரக்கிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலில் குவிகிறது, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டிவிட்டால் வெளியே தெரியாத கீட்டோசிஸ் என்று கணக்கு. ஒரு துளி இரத்தமும் கைக்கருவியும் இருந்தால் கொட்டகையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல். வற்றுக்காலத்தில் மாட்டை இளைக்க வைக்கக் கூடாது, வைத்தால் அதே கல்லீரல் கெடும். அதனால் உடற்கட்டைச் சரிசெய்யும் காலம் கறவையின் கடைசி மாதங்கள்தான். கறவை நீண்டு, சினை பிடிக்கத் தாமதமான மாடுதான் கொழுக்கும். சினை தாமதமானதற்குக் காரணம் போன ஈற்றின்போது நடந்த ஏதோ ஒன்று. ஒரு மாட்டின் இன்றைய நோயைத் தேடிப் போனால் ஒன்றரை ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கும்.

இடம், தண்ணீர், நிழல் ஆகியவற்றை நலம் என்ற தலைப்பில் தனியாக எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவையும் மருந்துகள்தான். ஈனப்போகும் மாடுகள் எல்லாமே ஒரே நேரத்தில் தின்ன வேண்டும். அதற்கு மாடு ஒன்றுக்கு ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் தொட்டி நீளம் வேண்டும். இடம் குறைந்தால் வலியது தின்னும், முதல் ஈற்றுக் கிடேரி ஒதுங்கி நிற்கும். ஈனுவதற்குச் சில நாள் முன்பு மாட்டைப் புதிய கூட்டத்தில் விட்டால் யார் மேல், யார் கீழ் என்ற முட்டலில் அதன் தீவனமும் தூக்கமும் போகும். வெயிலின் கதையும் இதேதான். மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பானும் கறவைக் கூடத்தில் இருக்கும், வற்றிய மாட்டுக் கொட்டகையில் இருக்காது. வற்றுக்காலத்தில் வெப்ப அயர்ச்சிக்கு ஆளான பசு அடுத்த கறவையில் குறைவாகப் பால் தருகிறது என்பதும், அப்போது அதன் வயிற்றில் இருந்த கன்றுகூட வளர்ந்து கறவைக்கு வரும்போது குறைவாகத் தருகிறது என்பதும் ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கின்றன. பிறக்காத கன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த மின்விசிறி.

கன்றுக்கு வருகிறேன். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுவிடுகிறது. கன்றுக்கு அந்த வசதி கிடையாது. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது, சீம்பால்தான் அதன் முதல் பாதுகாப்பு. அந்தப் புரதங்களை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் கன்றின் குடல் மணிக்கு மணி அந்தத் திறனை இழந்துகொண்டே வருகிறது. 24 மணி நேரத்தில் வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குச் சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேண்டும். தரமும் முக்கியம். கரைந்த திடப்பொருளை அளக்கும் பிரிக்ஸ் அளவுகோலில் 22 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். அழுக்கு வாளியில் கறந்து வெளியே வைத்திருந்த சீம்பாலில், பாதுகாப்புக்கு முன் கிருமிதான் கன்றின் குடலுக்குள் போகும்.

திட்டத்தில் 'கன்றுக்குச் சீம்பால் கொடுக்க வேண்டும்' என்று எழுதியிருப்பார்கள். நான் அந்த வரியை அடித்துவிட்டு மூன்று கேள்விகளை எழுதச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு ஈன்றால் யார் எழுந்து கொடுப்பார்? தாயிடம் சீம்பால் போதாவிட்டால் உறைநிலையில் சேமித்தது எங்கே இருக்கிறது? கொடுத்தது உண்மையில் கன்றின் உடம்பில் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? மூன்றாவது கேள்விக்கு விடை எளிது. முதல் வாரத்துக்குள் சில கன்றுகளின் இரத்தத்தை எடுத்துச் சீரத்தின் மொத்தப் புரதத்தைப் பார்த்தால் போதும். இதைச் செய்யும் பண்ணைகள் கன்றுக் கழிச்சலோடு போராடும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

கொம்புக் குருத்தைச் சுடுவது பற்றி ஒரு வார்த்தை, இதில் எனக்குச் சமரசம் இல்லை. குருத்து இன்னும் மண்டையோட்டோடு இணையாத இளம் வயதில், மரப்பு ஊசி போட்டு, மீலாக்சிகாம் போன்ற வலி நீக்கியும் கொடுத்த பிறகே சுட வேண்டும். மரப்பு ஊசியின் பலன் சில மணி நேரம்தான். சூட்டுப் புண்ணின் வலி அதற்கு அப்பாலும் நீள்கிறது, அதனால்தான் இரண்டும் வேண்டும். கன்று கத்தவில்லை, அதனால் வலிக்கவில்லை என்று சொல்கிறார்கள். இரையாகும் விலங்கின் வழி வந்தது மாடு, வலியை வெளிக்காட்டாமல் இருப்பது அதன் இயல்பு. கொம்பில்லாப் பரம்பரைக் காளைகளின் விந்து கிடைக்கிற பண்ணை, இந்த வேலையே இல்லாமல் செய்துகொள்ளலாம்.

வலியை மறைக்கும் இந்த இயல்பால் நாம் அதிகம் ஏமாறுவது கால்களில்தான். எத்தனை மாடுகள் நொண்டுகின்றன என்று பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டு, பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு மாட்டையும் நடக்கவிட்டுப் பார்த்தால் இரண்டு எண்ணும் பொருந்துவதே இல்லை. 2010ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், பண்ணையாளர்கள் தங்கள் மந்தையில் நொண்டுபவை சராசரியாக 7 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். ஆய்வாளர்கள் எண்ணியபோது அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பண்ணையாளர்கள் பொய் சொல்லவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மாட்டை மட்டும் அவர்கள் எண்ணினார்கள். முதுகை வளைத்து, அடியைச் சுருக்கி, தலையை ஆட்டி நடக்கும் மாடு பழகிய கண்ணுக்கு அது நடக்கிற விதமாகவே பதிந்துபோகிறது.

ஒரு பண்ணையில் கறவை வேலை பார்க்கும் அம்மா ஒருவர் சொன்னது, அந்தப் பண்ணையின் திட்டத்தையே திருத்த வைத்தது.

"டாக்டர், அந்தப் பழுப்பு மாடு எப்போதும் முதல் வரிசையில் உள்ளே வரும். இந்த வாரம் கடைசியாக வருகிறது."

"எந்தக் கால் என்று பார்த்தீர்களா, அம்மா?"

"நொண்டவில்லை, டாக்டர். நிற்கும்போது முதுகு வளைகிறது, அவ்வளவுதான்."

பின்னங்காலைத் தூக்கிக் குளம்பைச் சீவியபோது அடித்தட்டில் இரத்தம் கன்றிய இடமும் புண்ணின் தொடக்கமும் தெரிந்தன. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வளர்கிறது. உள்ளே அடிபட்ட இடம் அடித்தட்டின் மேற்பரப்புக்கு வந்து தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகிவிடுகிறது. அந்த மாட்டுக்கு அடிபட்ட காலத்தைப் பின்னோக்கி எண்ணினால் ஈன்ற வாரம் வருகிறது. ஈனும்போது குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் திசுக்கள் தளர்கின்றன. இளைத்த மாட்டில் குளம்பின் உள்ளே இருக்கும் கொழுப்பு மெத்தையும் மெலிந்துபோகிறது. அந்த நேரத்தில் கடினமான சிமென்ட் தரையில் வெகுநேரம் நிற்கவும் வேண்டியிருந்தால் பாதிப்பு உறுதி. மறுபடி ஈனும் காலத்துக்கே வந்து நிற்கிறோம்.

அந்தப் பண்ணையின் திட்டத்தில் அதுவரை கறவையாளர் கவனித்ததைப் பதிய ஓர் இடம் இல்லை. கறவைக் கூடத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டினோம். வரிசை மாறிய மாடு, தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிய மாடு, வழக்கத்துக்கு மாறாக உதைத்த மாடு என எதுவாக இருந்தாலும் எண்ணை எழுதிவிட வேண்டும். எழுதிய எண்ணை அன்று மாலைக்குள் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்தவர் பெயரும் எழுத வேண்டும். மாட்டோடு நாளுக்கு இரண்டு முறை கை வைத்துப் பழகுகிறவர்களின் கண்ணைவிட நுட்பமான கருவியை நான் இதுவரை கண்டதில்லை. கழுத்தில் கட்டும் உணரிகள் அசைபோடும் நேரத்தையும் நடையையும் அளக்கின்றன, பெரிய மந்தைக்கு அவை பேருதவி. ஆனாலும் உணரி தரும் எச்சரிக்கையை யார் பார்ப்பது என்று எழுதாவிட்டால் பயனில்லை.

மாடு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் படுத்திருக்க விரும்பும் விலங்கு. படுக்கும் நேரமும் தீவன நேரமும் ஒரே சமயத்தில் பறிபோனால், பசியையும் பொறுத்துக்கொண்டு முதலில் படுக்கப் போகும். அதனால் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் பார்ப்பது எத்தனை மாடுகள் நிற்கின்றன என்பதை. தின்னாமல், தண்ணீர் குடிக்காமல், வெறுமனே நிற்கும் மாடுகள் அதிகம் என்றால் படுக்குமிடத்தில் குறை. ஈரம், கடினம், நெருக்கம், இவற்றில் ஒன்று. முழங்கால் ஈரமாகிறதா என்று நீங்களே மண்டியிட்டுப் பார்த்துவிடலாம்.

1965ஆம் ஆண்டில் பிரிட்டனில், பண்ணை விலங்குகளின் நலத்தை ஆராய அரசு அமைத்த பிராம்பெல் குழு தன் அறிக்கையில், பண்ணை விலங்குக்குக் குறைந்தபட்சம் எழவும், படுக்கவும், திரும்பவும், தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும், கால் நீட்டவும் இடம் வேண்டும் என்று கேட்டது. பிற்பாடு அதிலிருந்து ஐந்து சுதந்திரங்கள் வளர்ந்தன. பசி, தாகத்திலிருந்து விடுதலை. உடல் அசௌகரியத்திலிருந்து விடுதலை. வலி, காயம், நோயிலிருந்து விடுதலை. இயல்பான நடத்தைக்கு இடம். அச்சத்திலிருந்தும் துயரத்திலிருந்தும் விடுதலை. இன்று உலகெங்கும் நலத் தணிக்கைகள் இந்தச் சட்டகத்தில்தான் நிற்கின்றன. துன்பம் இல்லாமை மட்டும் போதுமா, மாடு விரும்பிச் செய்வதற்கும் ஏதாவது வேண்டாமா என்ற கேள்வி பிறகு வந்தது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எடை கூட்டிக்கொண்டே போன கதவைத் தள்ளித் திறந்தால்தான் உடம்பு தேய்த்துக்கொள்ளும் சுழல் தூரிகை கிடைக்கும் என்று வைத்தார்கள். புதிய தீவனத்துக்காக எவ்வளவு பாரம் தள்ளினவோ, ஏறக்குறைய அவ்வளவு பாரத்தைப் பசுக்கள் தூரிகைக்காகவும் தள்ளின. பண்ணைச் செலவுப் பட்டியலில் தூரிகையை ஆடம்பரம் என்ற பகுதியில் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்ல நான் தவறுவதில்லை.

மடிநோய்க்கு வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. 1960களிலேயே பிரிட்டனில் ஐந்து நடவடிக்கைகளை வகுத்துவிட்டார்கள். கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்குதல், நோய் கண்ட மாட்டை உடனே கவனித்தல், வற்றவிடும்போது மடிக்கு மருந்து, கறவை இயந்திரப் பராமரிப்பு, தீராத நாட்பட்ட நோயுள்ள மாட்டை மந்தையிலிருந்து நீக்குதல். இன்றும் அடித்தளம் இவைதான். கறந்த பிறகு காம்புத் துளை மூட அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் நாமே கிருமியை அழைத்தது போலாகும். புதிய தீவனத்தைத் தொட்டியில் போட்டு வைத்தால் அது நின்று தின்னும். பாலில் கலந்திருக்கும் உடற்செல்களின் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 லட்சத்தைத் தாண்டிய மாட்டின் மடிக்குள் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். கொட்டகையிலேயே செய்யும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை எந்தக் காம்பு என்பதையும் காட்டிவிடும்.

ஐந்தில் ஒன்றை மட்டும் காலம் திருத்தியிருக்கிறது. வற்றவிடும் எல்லா மாடுகளின் மடிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி செலுத்துவது ஒரு காலத்தில் விதி. நுண்ணுயிர்க்கொல்லிக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், தொற்று இல்லாத மாட்டுக்கு அது எதற்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் வழக்கமாகக் கொடுக்கும் முன்தடுப்பு நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தடை செய்திருக்கிறது. இப்போதைய நல்ல முறை, செல் எண்ணிக்கையைப் பார்த்து மாடு வாரியாக முடிவெடுப்பது. தொற்றுள்ளதற்கு மருந்து. சுத்தமான மடிக்குக் காம்பை உள்ளிருந்து அடைக்கும் பசை மட்டும். ஆனால் செல் எண்ணிக்கைப் பதிவு இல்லாத பண்ணையும், வற்றிய மாடுகளைச் சேற்றில் நிறுத்தும் பண்ணையும் இதைச் செய்ய முடியாது. மருந்தைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் படுக்குமிடத்தைக் காயவைக்க வேண்டும்.

தொற்றுநோய்த் தடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், காரணம் இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கோமாரிக்கும் தோல் கழலை நோய்க்கும் உங்கள் வட்டாரத்தில் எந்த அட்டவணையோ அதைத் தவறாமல் பின்பற்றுங்கள். வாங்கி வந்த மாட்டை மூன்று நான்கு வாரமாவது தனிக் கொட்டகையில் வையுங்கள், பரிசோதனை முடிவு வந்த பிறகு சேருங்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையும் கருவையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கன்று வீச்சுக்குக் காரணமாகும் புரூசெல்லா கிருமி மனிதரைத் தொற்றி மாதக்கணக்கில் காய்ச்சலில் தள்ளும். குடற்புழு மருந்தை நாட்காட்டி பார்த்து எல்லா மாட்டுக்கும் ஊற்றுவதைவிட, சாணத்தில் முட்டைகளை எண்ணித் தேவையானதற்குக் கொடுப்பது மேல். இல்லாவிட்டால் மருந்துக்கு அடங்காத புழுக்களை நாமே தேர்ந்தெடுத்து வளர்ப்போம்.

ஒரு திட்டத்தை நான் எப்படிச் சோதிக்கிறேன் என்று கேட்டால், ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் ஒரு நாளும் இருக்கிறதா என்று பார்ப்பேன். 'நொண்டல் கண்காணிக்கப்படும்' என்பது வெறும் வாக்கியம். 'மாதத்தின் முதல் வாரத்தில் இவர் எல்லா மாடுகளையும் நடக்கவிட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார், 2 அல்லது அதற்கு மேல் வந்த மாட்டின் குளம்பு 48 மணி நேரத்துக்குள் தூக்கிப் பார்க்கப்படும்' என்பதைச் செய்யலாம். எண் எல்லையைத் தாண்டினால் என்ன செய்வது என்று அமைதியான நாளில் உட்கார்ந்து முடிவெடுத்து வைக்க வேண்டும். மாடு விழுந்து கிடக்கும் நள்ளிரவில் யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது. எழமுடியாத மாட்டைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது யார், எவ்வளவு காலம் முயல்வது, எந்தக் கட்டத்தில் மருத்துவர் வேதனையற்ற முடிவைத் தருவது என்பதையும் எழுத வேண்டும். எழுதக் கை வராத பகுதி அது. ஆனாலும் அந்தப் பக்கம் வெற்றாக இருக்கும் பண்ணையில் அதற்கான விலையை மாடுதான் கொடுக்கிறது.

கடைசியாக ஒரு பதிவேடு, மந்தையைவிட்டு வெளியேறிய மாடுகளின் பதிவேடு. பெரும்பாலான பண்ணைகளில் அதில் 'விற்பனை' என்று ஒரு சொல்தான் இருக்கும். ஏன் விற்றீர்கள் என்று அடுத்த கட்டத்தை நிரப்பச் சொல்கிறேன். சினை பிடிக்கவில்லை, மடி கெட்டது, கால் போனது. அதற்கும் அடுத்த கட்டத்தில், எத்தனையாவது ஈற்றில், ஈன்று எத்தனை நாளில் என்று எழுத வேண்டும். பசு 20 ஆண்டு வரை வாழக்கூடிய விலங்கு. பால் தொழில் வளர்ந்த நாடுகள் பலவற்றில் முதல் ஈற்றுக்குப் பிறகு அது மந்தையில் தங்குவது சராசரியாக இரண்டரை முதல் நான்கு ஆண்டுகள்தான். உங்கள் பதிவேட்டில் ஈன்ற 60 நாட்களுக்குள் போன மாடுகளை மட்டும் தனியாக எண்ணுங்கள். அவற்றின் வற்றுக்காலப் பதிவை, உடற்கட்டு மதிப்பெண்ணை, எந்தக் கொட்டகையில் எந்த மாதம் இருந்தது என்பதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வரும் ஆண்டுக்கான திட்டத்தை எழுத உட்காரும்போது முதலில் மேசைமேல் இருக்க வேண்டியது அந்தத் தாள்.